ஓனர் வேஷம்

கல்லூரியில் கடி சார் என்றால்தான் தெரியும். வேதியியல் துறை வாசலில் பெயர்ப்பலகை இருக்கிறது, அதில் முறைப்படி ஒரு பெயரும் இருக்கிறது. அதை வாசித்த ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும். வகுப்பில் பின்பெஞ்சு கண் சொக்க ஆரம்பித்தால் ஒரு கடி ஜோக்கை எடுத்து விடுவார். "ஐயோ, வேணாம் சார்!" என்று பிள்ளைகள் காதைப் பொத்துவார்கள். காதைப் பொத்துவதற்காவது விழித்துத்தானே ஆகவேண்டும், அந்த மட்டும் லாபம் என்பது அவருடைய கல்விக் கொள்கை.

அப்படிப்பட்டவரை, பார்க்க வருகிறவர்களை அழவைப்பதற்கென்றே ஏற்பாடாகிக்கொண்டிருந்த ஒரு கண்காட்சிக்கு சமூகவியல் மேடம் கூப்பிட்டார்.

சுவரில் படம் மாட்டிவைத்து, பார்த்துவிட்டுப் போ என்கிற ரகமில்லை அது. உள்விளையாட்டு அரங்கைக் கறுப்புத் துணியாலும் பிளைவுட்டாலும் தடுத்து வரிசையாக அறைகள். வாசலிலேயே கையில் ஒரு அட்டையைத் திணிப்பார்கள். வெள்ளை அட்டை வந்தால் உள்ளே ராஜமரியாதை. மஞ்சள் வந்தால் தொலைந்தீர்கள்: பள்ளிக்கூட அறையில் கடைசி பெஞ்சு, ஆஸ்பத்திரி அறையில் "கொஞ்சம் வெளிய நில்லுங்க", வேலைக்கு ஆள் எடுக்கும் அறையில் கேள்வியே கேட்காமல் "சொல்லி அனுப்பறோம்". எல்லாம் மாணவர்களும் ஆசிரியர்களும் நடிப்பது. இப்படி அறை அறையாக அவமானப்பட்டு வெளியே வந்தால், கடைசியில் வட்டமாக நாற்காலி போட்ட ஓர் அறை. அங்கே உட்கார்ந்து மனதில் பட்டதைப் பேசலாம். நடுவில் ஸ்டூல் போட்டு டிஷ்யூ பெட்டி. மேடம் அதற்கு 'மனம் திறக்கும் அறை' என்று பெயர் வைத்திருந்தார்.

"மூக்கு சிந்தும் அறைன்னு வெச்சா பொருத்தமா இருக்குமே மேடம்" என்றார் கடி சார்.

மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். மேடம் நல்லவர். இதை இப்போதே சொல்லிவைப்பது நல்லது, அப்புறம் சொன்னால் நம்பமாட்டீர்கள்.

கடி சாருக்கு வந்த பாத்திரம் வீட்டு ஓனர். வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவர்களில் வெள்ளை அட்டைக்காரரை உபசரிக்கவேண்டும், மஞ்சள் அட்டைக்காரரைத் திருப்பி அனுப்பவேண்டும். "இது உங்களுக்கு நல்லா வரும் சார்" என்றார் மேடம். ஏன் நல்லா வரும் என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. கல்லூரி அந்த விஷயத்தில் மிகவும் நாகரிகமான இடம்.

விஷயம் இதுதான். ஊரை ஓர் ஆறு இரண்டாகப் பிரித்திருந்தது. பாலத்துக்கு இந்தப் பக்கம் ஊர். அந்தப் பக்கம், 'அந்தப் பக்கம்'. அதற்கும் ஒரு பெயர் உண்டு, ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "அவரு அந்தப் பக்கம்" என்று குரலைக் கொஞ்சம் இறக்கினால் போதும். அதற்குமேல் என்ன படிப்பு, என்ன வேலை என்று கேட்கத் தேவையே இருக்காது. கடி சார் பிறந்தது அந்தப் பக்கம்.

மேடம் எழுதித் தந்த வசனம் இப்படி இருந்தது: 'உன்னை மாதிரி ஆளுக்கெல்லாம் இங்கே வீடு கிடையாது, போ வெளியே!'

கடி சார் அதை இரண்டு தரம் படித்தார். "இவ்வளவு தங்கமான ஓனர நான் பாத்ததே இல்ல மேடம்."

"தங்கமானவனா?"

"மனசுல இருக்கறத அப்படியே சொல்லிடறானே. நாம அடுத்த வீட்டப் பாத்துப் போயிடலாமே. நிஜ ஓனர் அப்படியெல்லாம் லேசுல விடமாட்டார்." எழுந்து நின்று, வராத ஒரு தொப்பையை வரவழைத்துக்கொண்டு, இரண்டு கையையும் விரித்தார். "வாங்க வாங்க, உள்ள வாங்க! அடடா, ஒரு நாள் முன்னாடி வந்திருக்கக் கூடாதா? நேத்துதான் ஒருத்தர் பாத்து முடிச்சுட்டுப் போனாரு."

ஒத்திகைக்கு வந்திருந்த மாணவர்கள் கைதட்டினார்கள். மேடத்துக்கு மட்டும் சந்தேகம். "இவ்வளவு மரியாதையா சொன்னா, அது அநியாயம்னே தெரியாதே சார்?"

"ஆமா மேடம். எனக்கே அஞ்சாறு வீடு ஏறி இறங்கின பிறகுதான் தெரிஞ்சுது."

மேடம் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். வசனத்தைக் கடி சாரே எழுதிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.

எழுத என்ன இருக்கிறது? எல்லாம் காதில் விழுந்ததுதான். தங்கச்சி குடும்பம் வரப்போகுதுங்க. பெயிண்ட் அடிக்கணும், முடிச்சுட்டு நாங்களே கூப்பிடறோம். நீங்க எந்தப் பக்கம், சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். 'நல்லது' என்று ஒரு தரம் சொன்னால் இன்னும் உட்காரலாம், 'நல்லது நல்லது' என்று இரண்டு தரம் சொன்னால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று பிள்ளைகளுக்கு விளக்கமும் சொன்னார். வாசலுக்குக் கொஞ்சம் தள்ளித் தரையில் டேப்பால் ஒரு பெருக்கல் குறி ஒட்டினார். "வீடு கேட்டு வர்றவங்க இங்கதான் நிப்பாங்க. கேட் மேல கை வெச்சா ஓனருக்குப் பிடிக்காது." பிளைவுட் சுவரில் மாட்ட அவரே ஒரு போர்டும் எழுதினார்: 'வீடு வாடகைக்கு. நல்ல குடும்பத்துக்கு மட்டும்.' சிவப்பு பெயிண்ட் மிஞ்சிவிட்டதால் 'நல்ல' மட்டும் கொஞ்சம் தடித்துவிட்டது.

ஒரே ஒரு வசனம்தான் சொந்தச் சரக்கு. எந்த ஓனரும் அவரிடம் சொல்லாதது, சும்மா கூத்துக்காகச் சேர்த்தது. வலது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, குரல் தழுதழுக்கச் சொல்லவேண்டும்:

"எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லைங்க. ஆனா அக்கம்பக்கத்துல யாராவது ஏதாவது சொல்லி உங்க மனசு நொந்துடக்கூடாது பாருங்க. அத என்னால தாங்க முடியாது."

பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரித்தார்கள். "ரொம்ப ஓவர் சார்! யாரு இப்படியெல்லாம் சொல்லப்போறாங்க?"

"அதானே" என்றார் கடி சார்.

இவ்வளவு உழைப்புக்கும் பின்னால் கலைத்தாகம் மட்டும்தான் இருந்தது என்று சொன்னால் பொய். அவர் குடியிருந்த வீட்டை இடித்துக் கடை கட்டப்போகிறார்கள். மாதக் கடைசிக்குள் காலிசெய்யவேண்டும். மகள் பள்ளியில் இறுதி வகுப்புக்கு வந்துவிட்டாள். இந்தப் பக்கத்து முகவரி இருக்கிற வரைக்கும்தான் அந்தப் பள்ளியில் பெயர் இருக்கும், இல்லையென்றால் அடித்துவிடுவார்கள். அவர் அலைந்த அலைச்சலில் தங்கச்சிகள் எல்லாம் வந்து குடியேறியிருந்தால் ஊரே நிரம்பியிருக்கும். ஆசிரியர் அறையில் இதையும் ஒரு ஜோக்காகச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் மேடம் நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க மாடி சும்மாதானே சார் கிடக்கு? முதல்லயே சொல்றதுக்கென்ன? வந்து பாருங்க. கண்காட்சி முடிஞ்சதும் சாவிய வாங்கிக்குங்க."

வீட்டில் வந்து சொன்னபோது மனைவி சாதம் வடித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ்; வலிக்காது என்று சொல்லிவிட்டு ஊசி போடுகிற வேலை. அதனால் யார் எதைச் சொன்னாலும் அவளுக்குச் சட்டென்று நம்பிக்கை வராது.

"அவங்க சொன்னாங்க சரி. அவங்க வீட்டுக்காரர் சொன்னாரா?"

"மேடம் சொன்னா அவரும் சொன்ன மாதிரிதான்."

"நான் சொன்னா நீங்க சொன்ன மாதிரியா?"

"நம்ம வீட்டுல நான் எப்ப சொல்லியிருக்கேன்?"

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் போய்ப் பார்த்தார்கள். மனைவி ஒரு குழாய் விடாமல் திறந்து மூடினாள். மகள் ஜன்னலோரம் ஒரு மூலையைக் கண்டுபிடித்து, மேஜை பிடிக்குமா என்று சாண் போட்டு அளந்தாள். கீழே மேடத்தின் கணவர் சோபாவில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், அமைதியான மனிதர்.

"சார் எந்தப் பக்கம்?"

"பொறந்தது பாலத்துக்கு அந்தப் பக்கம் சார்."

"ஓ. நல்லது, நல்லது."

மனைவி முழங்கையால் இடித்தாள். கடி சார் கண்டுகொள்ளவில்லை. ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவர் வீட்டுப்பாடத்தில் கோட்டை விடுவது புதிதா என்ன?

இருந்தாலும் அந்த மனிதர் மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை. "பெயிண்ட் கலர் பிடிச்சிருக்கா பாருங்கம்மா" என்றுகூட மனைவியிடம் கேட்டார்.

கண்காட்சி தொடங்கியது. கூட்டமான கூட்டம். பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து பஸ் வைத்துக்கொண்டு வந்தார்கள். கடி சார் பிளைவுட் வீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தொண்டை கட்டும்வரை ஆட்களைத் திருப்பி அனுப்பினார். ஒன்றைக் கவனித்தார்: மஞ்சள் அட்டையோடு வந்தவர்கள், எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், அவர் நெஞ்சில் கை வைத்து அந்த வசனத்தைச் சொன்னதும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். "பரவாயில்லைங்க." யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தானாக வந்தது. பக்கத்தில் நின்று பார்த்த வெள்ளை அட்டைக்காரர்களும் எதிர்த்து ஒன்றும் கேட்கவில்லை. தங்கள் கையிலிருக்கும் அட்டையை ஒரு தரம் புரட்டிப் பார்த்துக்கொண்டார்கள்.

ஒருநாள் சாயங்காலம் மேடத்தின் கணவர் வந்தார். மஞ்சள் அட்டை. டேப் ஒட்டிய இடத்தில் வந்து கை கட்டி நின்றார். கடி சார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, நடிப்பென்று வந்துவிட்டால் சலுகை கூடாது என்று, இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டார். தங்கச்சி, பெயிண்ட், எந்தப் பக்கம், கடைசியாக நெஞ்சில் கை. அந்த மனிதரின் முகம் கோணிவிட்டது. "பரவாயில்லைங்க" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

கொஞ்ச நேரத்தில் பிளைவுட்டுக்கு அந்தப் பக்கமிருந்து, மனம் திறக்கும் அறையிலிருந்து, அவர் குரல் கேட்டது. "இத்தனை வருஷமா இதெல்லாம் தெரியாமலேயே இருந்துட்டேங்க. ஒரு மனுஷன் நின்னு கேக்கறப்ப எப்படி வலிக்கும்னு... எனக்கு வெக்கமா இருக்கு." மேலே பேச முடியாமல் அழுதார். எல்லோரும் கைதட்டினார்கள்.

கடி சார் அன்றைக்கு வீட்டுக்குப் பறந்துதான் போனார். "அழுதாரு தெரியுமா! நிஜமா அழுதாரு!"

"டிஷ்யூ எடுத்தாரா, கர்சீப்பா?" என்றாள் மனைவி.

"டிஷ்யூ. ஏன்?"

"கர்சீப்னா வீட்டுக்கு எடுத்துட்டுப் போவாரு. டிஷ்யூன்னா அங்கயே போட்டுட்டுப் போயிடுவாரு."

"உனக்கு எதுலதான் நம்பிக்கை இருக்கு?"

"எனக்கா? நம்ம பொண்ணு வாங்கற மார்க்குல இருக்கு." ஆனாலும் மறுநாளே ஆஸ்பத்திரியிலிருந்து காலி மருந்துப் பெட்டிகளைக் கொண்டுவந்து அடுக்க ஆரம்பித்தாள். மகள் தன் புத்தகப் பெட்டியின்மேல் 'ஜன்னல் மூலை' என்று எழுதி ஒட்டினாள்.

கண்காட்சி முடிந்து எல்லாவற்றையும் பிரிக்கும் நாள் வந்தது. மாணவர்கள் துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். ஓனர் அறை மட்டும் இன்னும் நின்றுகொண்டிருந்தது. மேடம் உள்ளே வந்து, களைப்பில் ஓனர் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஸ்க்ரூ டிரைவரோடு வந்த கடி சார் வாசலுக்கு வெளியே நின்றார். எங்கே நிற்கிறோம் என்று, பெருக்கல் குறி டேப் செருப்பில் ஒட்டிக்கொண்டபோதுதான் பார்த்தார்.

"சார்... வீட்டு விஷயம்."

"சொல்லுங்க மேடம். பெட்டியெல்லாம் கட்டியாச்சு. லாரிக்காரன்தான் பாக்கி."

மேடம் தரையைப் பார்த்தார். "அவரு கண்காட்சிய பாக்கறவரைக்கும் ஒண்ணும் சொல்லல சார். சரின்னுதான் இருந்தாரு. சத்தியமா. பாத்துட்டு வந்ததுலேருந்து தூங்கவே இல்ல. அவங்களுக்கு இவ்வளவு வலிக்கும்னு நமக்குத் தெரியாம போச்சேங்கறாரு. நம்ம தெரு ஆளுங்க எப்படின்னு உங்களுக்குத் தெரியாது சார். தெரிஞ்சுக்கிட்டே உங்கள அங்க கொண்டுவந்து வெச்சு..." குரல் உடைந்தது. வலது கை தானாக எழுந்து நெஞ்சுக்குப் போனது. "எங்களுக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல சார். யாராவது ஏதாவது சொல்லி, உங்க மனசு, உங்க பொண்ணு மனசு நொந்துடக்கூடாதேன்னுதான். அத எங்களால தாங்கிக்க முடியாது."

கிண்டல் இல்லை. கண்ணில் நிஜத் தண்ணீர். தான் சொல்வது யாருடைய வசனம் என்று அவருக்குத் தெரியவே இல்லை. அநேகமாக ஒரு வார்த்தை பிசகவில்லை என்பதை மட்டும் கடி சார் கவனித்தார். கை வைத்த இடமும் சரி. தாம் நடித்திருக்காவிட்டால், இல்லை, கொஞ்சம் மோசமாக நடித்திருந்தால்கூட, சாவி இன்றைக்குக் கையில் இருந்திருக்கும். ஆயுசில் ஒரே ஒரு தரம் ஒரு வேலையை உருப்படியாகச் செய்ததற்கு வந்த பரிசு.

"பரவாயில்லைங்க" என்றார்.

மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பள்ளிக்கூடத்துக்கு முகவரி வேணும்னா எங்க வீட்டு முகவரிய குடுத்துக்குங்க சார். பேர அடிக்கமாட்டாங்க. அதுலயெல்லாம் எங்களுக்கு ஒண்ணுமில்ல. உங்க வீடு மாதிரி நெனச்சுக்குங்க."

நல்லவர் என்று முதலிலேயே சொன்னேனே.

வீட்டில் பெட்டிகளுக்கு நடுவில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். "என்ன சொன்னாங்க?"

இதை எப்படிச் சொல்வதென்று பஸ்ஸில் வழி முழுக்க யோசித்துக்கொண்டு வந்திருந்தார். தெரிந்த வழி ஒன்றுதான். தொப்பையை வரவழைத்துக்கொண்டு, வலது கையை நெஞ்சில் வைத்து, தழுதழுத்த குரலில் முழு வசனத்தையும் சொன்னார். மகள் கைதட்டிச் சிரித்தாள். "செம்மப்பா! இன்னொரு தடவ, இன்னொரு தடவ!" மனைவி சிரிக்கவில்லை. மகள் அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், தட்டிய கைகளைப் பிரிக்காமல் அப்படியே மடியில் வைத்துக்கொண்டாள்.

"முகவரி தர்றாங்களாம்" என்றார்.

"வாங்கிக்குங்க" என்றாள் மனைவி. "பேர் அடிச்சிடுவாங்க." புத்தகப் பெட்டியில் ஒட்டியிருந்த காகிதத்தை நகத்தால் சுரண்டி எடுத்தாள். முழுதாக வரவில்லை. 'மூலை' மட்டும் மிஞ்சியது.

பாலத்துக்கு அந்தப் பக்கமே வீடு கிடைத்தது. உடனே கிடைத்தது, ஒரு கேள்வியும் இல்லை. மகள் விடிவதற்கு முன்பே எழுந்து பஸ் மாறிப் பள்ளிக்குப் போனாள். குடிபோகாத வீட்டின் எண்ணை எழுதச் சொன்ன இடத்திலெல்லாம் எழுதினாள். அந்த வீட்டைப் பற்றி மறுபடி பேசவில்லை. சிரிப்பதும் கொஞ்சம் குறைந்துதான் போயிற்று. கடி ஜோக்குகளுக்குக் காதைப் பொத்துகிற வயது தாண்டிவிட்டது என்று கடி சார் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

ஒருநாள் கல்லூரியில் மேடம் சொன்னார். "ஸ்கூல்லேருந்து ஏதோ கவர் வந்திருக்கு சார். கேட்டுலயே தபால் பெட்டியில இருக்கு. எப்ப வேணா எடுத்துக்குங்க, பெல்லெல்லாம் அடிக்கவேண்டாம்."

சாயங்காலம் போனார். கேட்டில் ஒரு போர்டு தொங்கிக்கொண்டிருந்தது. எழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. சிவப்பு பெயிண்ட் அதிகமாகித் தடித்துப்போன 'நல்ல'. பிரிக்கும்போது பிள்ளைகள் மிஞ்சிய பலகைகளை மேடம் காரில் ஏற்றியது நினைவுக்கு வந்தது. வீணாகக்கூடாதென்று யாரோ மாட்டியிருக்கிறார்கள். ஒரு பக்கம் கம்பி இறங்கிக் கோணலாகத் தொங்கியது. கை சும்மா இருக்காமல் அதை நேராக்கினார். பிறகு பெட்டியைத் திறந்து கவரை எடுத்தார்.

"ஐயா..."

திரும்பினார். ஒரு இளம் ஜோடி. ஸ்கூட்டரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் கையில் ஒரு சின்னக் குழந்தை, தோளில் தலை சாய்த்துத் தூங்கியது.

"போர்டு பாத்தோம். வீடு கேட்டு வந்தோம். நீங்கதான் ஓனருங்களா?"

பேச்சின் இழுவையிலேயே தெரிந்தது. அது தெரியாவிட்டாலும் நின்ற இடம் காட்டிக்கொடுத்திருக்கும். கேட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி, கை படாத தூரத்தில். டேப் இல்லை, அவ்வளவுதான்.

இல்லைங்க, பெல் அடிங்க என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் உள்ளேயிருந்து அந்த அமைதியான மனிதர் வருவார். வாங்க வாங்க என்பார். சோபா, காப்பி. இந்தப் பெண் ஒரு குழாய் விடாமல் திறந்து பார்ப்பாள். ஜன்னலோரம் தொட்டில் போட இடமிருக்கிறதா என்று அளப்பாள். நல்லது, நல்லது. ஒரு வாரம் பெட்டி கட்டவிடுவார்கள். அதற்கப்புறம் கண்ணில் தண்ணீரோடு கை மேலே போகும்.

"அடடா" என்றார் கடி சார். "ஒரு நாள் முன்னாடி வந்திருக்கக் கூடாதா? நேத்துதான் ஒருத்தர் பாத்து முடிச்சுட்டுப் போனாரு."

"போர்டு தொங்குதுங்களே..."

"கழட்டணும். மறந்துட்டேன்."

அந்தப் பையன் தலையாட்டினான். அந்தப் பெண் மட்டும் நிமிர்ந்து மாடி ஜன்னலை ஒரு தரம் பார்த்தாள். பூட்டிக் காலியாகக் கிடக்கும் வீட்டைப் பார்த்தாலே தெரியாதா? தெரிந்துகொண்டாள். குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"இங்க பக்கத்துல வேற எங்கயாவது கிடைக்குங்களா?" என்று கேட்டான் அவன்.

"பாலத்துக்கு அந்தப் பக்கம் நிறைய இருக்குதுங்களே." சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது.

"அங்கேருந்துதாங்க வர்றோம்" என்றான் அவன். குரலில் கோபமே இல்லை. "பரவாயில்லைங்க."

இரண்டு பேரும் தெருமுனையை நோக்கி நடந்தார்கள். ஸ்கூட்டர் ஒரு உதையில் கிளம்பவில்லை. அவன் மறுபடி உதைத்தான். கடி சார் அவர்களைக் கூப்பிட நினைத்தார். வண்டி கிளம்பி, சத்தம் தேய்ந்து, இல்லாமலே போனது. அப்போதுதான் பார்த்தார்: வலது கை நெஞ்சின்மேல் இருந்தது. மகளின் பள்ளிக் கவரும் அந்தக் கையில்தான் இருந்தது.